ஆற்றுக்கு ஒரு நீதி, ஆகாயத்துக்கு ஒரு நீதியா?

ஆற்றைக் கெடுத்தவன் ஈடு கட்டவேண்டும். கொங்கு நாட்டுக்கு இது புதிய செய்தி அல்ல. நொய்யல் கரை விவசாயிகள் கோர்ட்டுப் படி ஏறி, ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்து நிலைநாட்டிய நீதி அது. சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டவர்கள், அந்தத் தண்ணீரால் பாழான காட்டுக்கும் கிணற்றுக்கும் பணம் கட்டவேண்டும் என்று முடிவாயிற்று, கணக்குப் போடப்பட்டது, தொகையும் விதிக்கப்பட்டது.

அப்படியானால் நாம் ஒன்று கேட்கிறோம். ஆற்றைக் கெடுத்தவனுக்குச் சட்டம் உண்டென்றால், ஆகாயத்தைக் கெடுத்தவனுக்கு ஏன் சட்டம் இல்லை? சாயத்துக்குக் கணக்கு உண்டு. புகைக்கு ஏன் கணக்கு இல்லை? பட்டறைக்காரனைக் கூண்டில் நிறுத்திய நீதி, பாரெங்கும் எண்ணெய் விற்றுக் கோடி கோடியாய்க் குவித்த கம்பெனிகளைக் கண்டதும் வாய் பொத்தி நிற்பானேன்?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்புவானேன் என்று சிலர் நினைக்கலாம். வெயிலும் மழையும் நம் வாசலுக்கே வந்து நம் கூலியில் பங்கு கேட்கின்றன, தோழர்களே! அதனால்தான் எழுப்புகிறோம்.

வாசலுக்கு வந்த வம்பு

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று சர்க்கார் அறிவித்தது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. மாடியில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கே அது தாங்கவில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் சிமெண்டுத் தகடு வேய்ந்த கொட்டகையில் தறியோடு தறியாய் நிற்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்? கோவையின் வார்ப்பட ஆலைகளில் உலை வாயின் முன்னால் நிற்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடர் என்று தமிழக சர்க்கார் அறிவித்தது. வெயிலும் புயலைப்போல ஆளைக் கொல்லும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டாயிற்று.

அதே 2024, ஜூலை 30. நமக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் இரவோடிரவாக மண்ணுக்குள் போயின. இருநூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல. அதே நாளில் நம் வால்பாறையில், சோலையாற்றுப் பக்கம், வீட்டின்மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் உயிரிழந்தார்கள். வயநாட்டு மழையை ஆராய்ந்த ‘வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்’ என்னும் விஞ்ஞானிகள் குழு, மனிதன் மூட்டிய சூட்டினால் அந்த ஒருநாள் மழை சுமார் 10 சதவீதம் கனத்துப் பெய்தது என்று கணக்கிட்டது. பத்துதானே என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே ஊறிப்போன மலைச்சரிவுக்கு மேலும் ஒரு குடம் தண்ணீர் போதும்.

எல்லாப் பழியையும் வானத்தின் தலையில் போட்டுவிட நாம் தயாராக இல்லை. 2019 டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய நெடிய கருங்கல் சுவர் இடிந்து ஏழைகளின் ஓட்டு வீடுகள்மேல் விழுந்து 17 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. மழை பெய்தது உண்மை. ஆனால் அந்தச் சுவரை எழுப்பியது மழையா? அருந்ததியர் குடியிருப்பை ஒட்டி அவ்வளவு உயரத்துக்குச் சுவர் வைத்தது மழையா? மழை பொதுவாகப் பெய்கிறது. சாவு மட்டும் ஆள் பார்த்து வருகிறது. மேட்டில் இருப்பவனுக்கு ஜன்னலை மூடினால் போதும். பள்ளத்தில் இருப்பவனுக்குக் கூரையே போகிறது. இந்த ஏற்றத் தாழ்வின்மேல்தான் இன்று கூடுதல் வெயிலும் கூடுதல் மழையும் வந்து இறங்குகின்றன.

கூரை போனவனுக்கு என்ன கிடைக்கிறது? 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது, சேதமான குடிசைக்குக் கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியதைக் குறை கூறமாட்டோம். ஆனால் எட்டாயிரத்தில் ஒரு குடும்பம் என்ன கட்டும்? கம்பும் கீற்றும் வாங்கினால், கட்டுகிறவனுக்குக் கூலி எங்கே? அந்த வெள்ளங்களுக்காக மத்திய சர்க்காரிடம் தமிழகம் கேட்டது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஏப்ரலில் அங்கிருந்து விடுவிக்கப்பட்டது 276 கோடி!

இன்ஷூரன்ஸ் யாருக்கு?

“சர்க்காரையே எதிர்பார்த்தால் எப்படி? வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளுங்கள்” என்று உபதேசம் செய்யப் பலர் இருக்கிறார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம்.

ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அவர்களில் பத்துப் பேருக்கு வந்த நஷ்டத்தைத் தீர்ப்பதுதான் இன்ஷூரன்ஸ். சீட்டுப் போட்டுக் குடும்பம் நடத்துகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு நஷ்டம் வந்த இடத்தில் நூறு பேருக்கு வந்தால் என்ன ஆகும்? சந்தா ஏறும். அதற்கும் மேலே போனால், கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

கற்பனையல்ல இது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலேயே நடந்திருக்கிறது. அங்கே வீட்டு இன்ஷூரன்ஸில் முதலிடம் வகிக்கும் ஸ்டேட் பார்ம் கம்பெனி, காட்டுத்தீ அபாயத்தையும் கட்டடச் செலவையும் காரணம் காட்டி, 2023 மே மாதத்தில் புதிய வீடுகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்செல்ஸ் பக்கம் மூண்ட தீயில் 16,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. நான்கு மாதம் கழித்து, மே மாதத்தில், வீட்டுச் சந்தாவைச் சராசரி 17 சதவீதம் உயர்த்திக்கொள்ள அதே கம்பெனிக்கு அவசர அனுமதி கிடைத்தது. வீட்டை எரித்தது தீ. விலை கொடுப்பது வீட்டுக்காரன். உலகைச் சூடேற்றிய எண்ணெய்க் கம்பெனியோ வழக்கம்போல் லாபக் கணக்கு எழுதுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே!

அமெரிக்காவில் சந்தா ஏறினால் ஆத்துப்பாளையத்துக்கு என்ன என்று கேட்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் தங்களுக்கு இன்ஷூரன்ஸ் செய்துகொள்கின்றன. அந்த மறு இன்ஷூரன்ஸ் வியாபாரம் உலகம் முழுவதும் ஒரே சந்தை. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி ஏறும் சந்தை அது.

நம் நாட்டிலோ, ஏறுவதற்கு முன்பே எட்டாத பழம் அது. 2015 சென்னை வெள்ளத்தில் மொத்தச் சேதம் சுமார் 220 கோடி டாலர் என்றும், அதில் இன்ஷூரன்ஸ் இருந்தது 75 கோடி டாலர் அளவுக்கே என்றும் ஸ்விஸ் ரீ என்னும் மறு இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கிட்டது. மூன்றில் இரண்டு பங்கு நஷ்டத்தை ஜனங்கள் தங்கள் முதுகில் சுமந்தார்கள். 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டு பாலிசியை எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வெள்ளம், புயல், மண்சரிவு எல்லாம் அதில் அடக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டாவும் இல்லாத புறம்போக்கில் தகரம் வேய்ந்து குடியிருப்பவனைத் தேடி எந்த ஏஜெண்டு வருகிறான்? 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டபோதும், வீட்டு இன்ஷூரன்ஸுக்கு 18 சதவீத வரி நீக்கப்படவில்லை.

இன்னொன்றையும் தோழர்கள் மனத்தில் வைக்கவேண்டும். 1972-ல் பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமானது. நூற்றுச் சொச்சம் கம்பெனிகள் நான்காக ஆக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னையே தலைமையிடம். 2021-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, சர்க்காரின் பங்கு பாதிக்கும் கீழே போக வழி திறக்கப்பட்டது. 2025-ல் இன்ஷூரன்ஸ் தொழிலில் நூறு சதவீத அன்னிய மூலதனத்துக்கும் கதவு திறந்தாயிற்று. ஆபத்து பெருகும் காலத்தில் பொதுக்குடையைக் கூறுபோடுவது எந்த ஊர் நியாயம்?

சூடேற்றியது யார்?

“எல்லோரும்தான் புகை விட்டோம், எல்லோரும்தான் அனுபவிக்க வேண்டும்” என்பது ஒரு தந்திரமான பேச்சு. ரிச்சர்டு ஹீடி என்ற ஆராய்ச்சியாளர் பழைய கணக்குகளைத் தோண்டி எடுத்து 2013-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். 1854 முதல் 2010 வரை உலகத் தொழில்கள் வெளியேற்றிய கரியமில வாயு, மீதேன் ஆகியவற்றில் 63 சதவீதம், வெறும் 90 பெரிய நிறுவனங்கள் தோண்டி விற்ற எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, சிமெண்டு ஆகியவற்றிலிருந்து வந்தது. செவ்ரான், எக்ஸான்மொபில், பி.பி., ஷெல், சவுதி அராம்கோ முதலியவை அந்தப் பட்டியலின் தலைவரிசையில் நிற்கின்றன. நம் கோல் இந்தியாவும் அதில் உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

தெரியாமல் செய்தார்களா? தெரிந்தே செய்தார்கள்! எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977-லிருந்து 2003 வரை, உலகம் எவ்வளவு சூடேறும் என்று போட்ட கணக்குகளை ‘சயன்ஸ்’ என்ற விஞ்ஞான ஏடு 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு பரிசீலித்தது. அந்தக் கணக்குகளில் 63 முதல் 83 சதவீதம் வரை சரியாகப் பலித்திருந்தன. உள்ளே இப்படித் துல்லியமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு, வெளியே “இதெல்லாம் நிச்சயமில்லை” என்று விளம்பரம் செய்தார்கள். விஷம் என்று தெரிந்தே விற்றவனுக்கும், விஷம் என்று தெரியாமல் வாங்கியவனுக்கும் ஒரே தண்டனையா?

அவர்களுக்கு ஒரு சட்டம்

எரிபொருள் கம்பெனிக்கு ஒரு தேவை வந்தால் சட்டம் எவ்வளவு வேகமாக ஓடிவருகிறது என்பதைக் கொங்கு நாட்டு விவசாயி நேரில் கண்டவன். கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள், சுமார் 310 கிலோமீட்டர், வழியெல்லாம் விளைநிலம். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் மன்றாடினார்கள். 2013-ல் தமிழக சர்க்காரும் அதையே சொல்லித் தடுத்தது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சர்க்காரின் மனுவைத் தள்ளிவிட்டது.

எந்தச் சட்டத்தின் பலத்தில்? 1962-ம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின் பலத்தில். குழாய் போகும் நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும்; ஆனால் அதில் அவன் கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது. அதற்கு அந்தச் சட்டம் விதிக்கும் ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்! எண்ணெய்க்காரன் நம் நிலத்துக்குள் நுழைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் தயார். அவன் எண்ணெயின் சூட்டால் நம் நிலமும் வீடும் போனால், நாம் அவன் வாசலில் நின்று கேட்க இன்றுவரை ஒரு சட்டம் இல்லை.

நொய்யல் தந்த பாடங்கள்

1996 ஆகஸ்டு 28. வேலூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகள் பாலாற்றைப் பாழாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே கொடுக்கவேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம் என்றது. அந்தத் தீர்ப்பின்படி சேதத்தைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் நொய்யலுக்கும் வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, “தண்ணீரைத் தேக்காதீர்கள்” என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை அப்போது! 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 பேருக்குச் சுமார் 24 கோடியே 79 லட்சம் ரூபாய் ஈடு என்று ஆணையம் கணக்கிட்டது. 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட், ஆற்றில் விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் பட்டறைகளின் பொறுப்பை உறுதி செய்தது.

லிட்டர் கணக்கு வரை போன நீதி இது! தண்ணீரில் கரைந்த சாயத்தை அளக்க முடிந்தது. யார் விட்டது, எவ்வளவு விட்டது, யார் காடு கெட்டது என்று பிரிக்க முடிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் இரண்டே கால் கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. எந்தக் கம்பெனி எத்தனை லிட்டர் விற்றது என்பது அதன் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. அளக்க முடியாது என்ற சாக்கு இங்கே செல்லாது.

நொய்யல் இரண்டாவது பாடமும் தந்தது. அது கசப்பான பாடம். 2011 ஜனவரி 28-ல் ஹைகோர்ட் உத்தரவின்படி எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. ஆறு பிழைக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அன்று முதலில் தெருவுக்கு வந்தவன் யார்? வாரக்கூலி வாங்கிய தொழிலாளி! மலிவு விலைக்குப் பனியன் வாங்கிப் போன வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு நூல்கூட அறுந்ததில்லை. ஆகவே, கணக்குக் கேட்கும்போது லாபத்திடம் கேட்கவேண்டும், கூலியிடம் கேட்கக்கூடாது. எண்ணெய்க் கம்பெனிகள் விஷயத்தில் இதை நாம் ஒரு நொடியும் மறக்கலாகாது. டாங்கர் லாரி ஓட்டுகிறவனும், பெட்ரோல் பங்கில் நிற்கிறவனும், காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடி ஏறுகிறவனும் நம்மவர்கள்.

உலகம் விழிக்கிறது

பெரு நாட்டு மலையடிவாரத்தில் சவுல் லூசியானோ லியூயா என்று ஒரு விவசாயி. பனிமலை உருகி ஏரி பெருகுகிறது. தன் ஊர் மூழ்கும் என்று அஞ்சினார். 2015-ல் ஜெர்மனிக்கே போய், நிலக்கரி எரித்து மின்சாரம் விற்கும் ஆர்.டபிள்யூ.ஈ. கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார். உலகப் புகையில் உன் பங்கு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஊரைக் காக்கும் செலவிலும் அந்தப் பங்கைக் கொடு என்பதே அவர் கேட்டது. 2025 மே 28-ல் ஹாம் நகரக் கோர்ட், அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து போதிய அளவு இல்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனால், புகை விட்ட கம்பெனி தூரதேசத்தில் விளைந்த தீங்குக்கும் பொறுப்பாகலாம் என்ற கோட்பாட்டை ஏற்றது. வழக்குத் தோற்றது, வாதம் வென்றது!

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலம் 2024-ல், பெரிய எண்ணெய், நிலக்கரிக் கம்பெனிகள் பழைய புகைக்குப் பணம் கட்டவேண்டும் என்று சட்டம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலம், 25 ஆண்டுகளில் 7,500 கோடி டாலர் வசூலிக்கும் சட்டம் செய்தது. அந்தச் சட்டங்களை முறியடிக்க வழக்குப் போட்டவர்களில் அந்நாட்டு மத்திய சர்க்காரும் ஒன்று என்பதைச் சொன்னால், யார் யாருக்கு வக்காலத்து என்பது விளங்கும். 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம், சீதோஷ்ணத்தைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 2024 மார்ச்சில், சீதோஷ்ண மாற்றத்தின் தீங்கிலிருந்து விடுபடும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று கூறிவிட்டது. உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. வீட்டுக்கு எப்போது வரும்?

மறுப்புகளும் மறுமொழியும்

“நீங்களும் மொபெட்டில் போகிறீர்களே?” என்பார்கள். போகிறோம். ஆலை ஷிப்டுக்கு நேரத்துக்குப் பஸ் விட்டிருந்தால் ஏன் போகிறோம்?

“பெட்ரோலுக்கு ஏற்கெனவே வரி இருக்கிறதே?” என்பார்கள். இருக்கிறது, அதைக் கட்டுவது வாங்குகிற நாம். கம்பெனி லாபத்தின் மேலல்ல, நம் பாக்கெட்டின் மேல் விழுகிற வரி அது. இடிந்த வீட்டுக்கு அது வந்து சேர்வதுமில்லை.

“இந்தியன் ஆயிலும் பாரத் பெட்ரோலியமும் இந்துஸ்தான் பெட்ரோலியமும் நம்முடைய பொதுத்துறை; அவற்றின்மேல் பாயலாமா?” என்பார்கள். நம்முடையவை என்பதால்தான் உரிமையோடு கேட்கிறோம். 2023-24-ல் அந்த மூன்றும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். பொதுச் சொத்தின் லாபத்தில் ஒரு பங்கு பொதுமக்களின் கூரைக்கு வந்தால் வானம் இடிந்துவிடாது. தனியார் சுத்திகரிப்பு ஆலைகளிடமும் அதே பங்கைக் கேட்கவேண்டும். அன்னியக் கம்பெனிகள் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்த கடனை இந்திய சர்க்கார் உலக மன்றங்களில் வற்புறுத்த வேண்டும்.

நாம் கேட்பது

ஒன்று: எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக் கம்பெனிகளின் லாபத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துச் சேத ஈட்டு நிதி அமைக்கவேண்டும். விலையில் ஏற்றி நம் தலையில் கட்டக்கூடாது.

இரண்டு: பட்டா உள்ளவன், இல்லாதவன் என்ற பேதமின்றி, உழைப்பாளியின் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் பொதுத்துறை மூலம் இன்ஷூரன்ஸ் வேண்டும். சந்தாவை அந்த நிதி கட்டட்டும். வீட்டு இன்ஷூரன்ஸுக்கு வரியை நீக்கட்டும்.

மூன்று: நொய்யலுக்கு வந்ததைப்போல், சீதோஷ்ணச் சேதத்தைக் கணக்கிட அதிகாரமுள்ள ஓர் ஆணையம் வேண்டும். வெயிலால் போன கூலியும் அந்தக் கணக்கில் ஏறவேண்டும்.

கோரிக்கை எழுதுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. நொய்யல் விவசாயிகள் வென்றது கோஷத்தால் மட்டுமல்ல. எந்தக் கிணறு எந்த ஆண்டு கெட்டது, எத்தனை ஏக்கர் விளையாமல் போயிற்று என்று கணக்கு வைத்திருந்ததால். கிளைதோறும் தோழர்கள் ஒரு நோட்டுப் போடவேண்டும். எந்த மழையில் எந்த வீடு இடிந்தது, சர்க்கார் என்ன கொடுத்தது, மறுபடி கட்ட என்ன செலவாயிற்று, வட்டிக்கு எவ்வளவு வாங்கினார்கள், வெயிலால் எத்தனை நாள் வேலை போயிற்று என்று தேதி போட்டு எழுதவேண்டும். கிராமசபைகளில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். நாளைக்கு ஆணையமோ கோர்ட்டோ “ஆதாரம் எங்கே?” என்று கேட்கும்போது, அந்த நோட்டு பேசும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். இதுவரை தின்றவன் ஒருவன். தாகத்தால் தவித்தவன் வேறொருவன். கழிவுத் தண்ணீரை லிட்டர் லிட்டராக அளந்து விலை வைத்த மண் இது. புகைக்கும் விலை வைக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.